16 பேரில் 13 பேர் நாற்பது தாண்டியவர்கள்: ஆட்குறைப்பில் வயது பார்க்கிறார்களா?

மேடவாக்கம்_வாசகி
வெள்ளி, இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்கே படித்துவிட்டுப் போனதோடு சரி, எழுதியதில்லை. இப்போது யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 46 வயது. பி.இ. முடித்தது 2001-இல். கேம்பஸில் கொடுத்த ஆஃபர்களைக் கம்பெனிகள் கிடப்பில் போட்ட வருடம் அது. ஒரு வருடம் திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துவிட்டு 2002-இல் சென்னைக்கு வந்தேன். அன்றிலிருந்து டெஸ்டிங்தான். இப்போது இருக்கும் கம்பெனியில் 2011 ஜூனில் சேர்ந்தேன். ஓ.எம்.ஆர்., சோழிங்கநல்லூர். 14 வருடம் 8 மாதம் ஆகிறது. டெசிக்னேஷன் சீனியர் டெஸ்ட் மேனேஜர்.

நேற்றுக் காலை 10.40-க்கு காலண்டரில் ஒரு மீட்டிங் விழுந்தது. தலைப்பு வெறும் ‘கனெக்ட்’. 11 மணிக்கு நான்காவது மாடியில் ஒரு சின்ன அறை. என் மேனேஜர் வரவில்லை. எச்.ஆரிலிருந்து ஒரு பெண், என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவளாக இருப்பாள். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவள் கையும் நடுங்கியது, அதையும் சொல்ல வேண்டும். பேச்சு மொத்தம் பன்னிரண்டு நிமிடம். உங்கள் ரோல் இனிமேல் இல்லை. போர்ட்டலில் நீங்களே ரெசிக்னேஷன் போட்டால் மூன்று மாத பேசிக் சம்பளம், ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் எல்லாம் வரும். போடாவிட்டால் டெர்மினேஷன் என்று பதிவாகும், அடுத்த கம்பெனி பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்தால் அதுதான் தெரியும். திங்கள்கிழமை மாலை 5 மணி வரை டைம். எதையும் எழுத்தில் தரவில்லை. கேட்டேன், ‘இது வெர்பல் டிஸ்கஷன் மேம்’ என்றாள்.

போன வருட ரேட்டிங் ‘மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்’. அதற்கு முந்தைய வருடம் அதற்கும் ஒருபடி மேல். ஒரு நாளும் புராஜெக்ட் இல்லாமல் பெஞ்ச்சில் இருந்ததில்லை. கோவிட் சமயத்தில் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வராந்தாவில் உட்கார்ந்து ரிலீஸ் முடித்துக் கொடுத்திருக்கிறேன். அதையெல்லாம் யாரிடம் சொல்வது?

மாலைக்குள் எங்கள் அக்கவுன்டில், அதாவது ஒரே கிளையன்ட்டுக்கு வேலை செய்யும் பிரிவில், யார் யாரை அழைத்தார்கள் என்று தெரிந்துவிட்டது. மொத்தம் 16 பேர். நான் உட்கார்ந்து பெயர் பெயராக எழுதிப் பார்த்தேன். 13 பேருக்கு நாற்பது தாண்டிவிட்டது. அதில் நான்கு பேருக்கு ஐம்பது. மீதி மூன்று பேர் முப்பதுகளில். அதே அக்கவுன்டில் மூன்று மாதமாக பில்லிங் (கிளையன்ட்டிடம் காசு வாங்கும் வேலை) இல்லாமல் இருக்கும் 24, 25 வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு அழைப்பு வரவில்லை. அவர்களை அனுப்பியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருவரும் என்னிடம் வேலை கற்றவர்கள். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

வீட்டில் மகள் பிளஸ் டூ, மார்ச்சில் பரீட்சை. அம்மாவுக்கு 74, சர்க்கரை, கம்பெனி இன்ஷூரன்ஸில்தான் இருக்கிறார். மேடவாக்கம் ஃபிளாட்டுக்கு மாதம் 38,000 ஈ.எம்.ஐ., இன்னும் ஆறு வருடம் பாக்கி. கணவர் பல்லாவரத்தில் சின்னதாக அச்சகம் வைத்திருக்கிறார், கல்யாணப் பத்திரிகை சீசனில்தான் கொஞ்சம் காசு வரும். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. இன்று காலையும் வழக்கம்போல ஐ.டி. கார்டைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினேன்.

என் கேள்வி இதுதான். உண்மையில் வயதைப் பார்த்துத்தான் பட்டியல் போடுகிறார்களா? அப்படியென்றால் அதைக் கேட்க எனக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா? உள்ளே இருந்து பார்த்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ஆறுதலுக்காக எதுவும் சொல்ல வேண்டாம், நடப்பதைச் சொல்லுங்கள்.


நொய்யல்கரை
சனி, காலை 7.05

அக்கா, அந்தப் பட்டியலைப் போடும் இடத்தில் பதினோரு வருடம் இருந்தவன் நான். ஆர்.எம்.ஜி., அதாவது யாரை எந்த புராஜெக்ட்டில் போடுவது, யார் பெஞ்ச்சில் இருக்கிறார் என்று பார்க்கும் டீம். 2023-இல் வெளியே வந்துவிட்டேன், இப்போது கோவையில் அப்பாவின் நூல் வியாபாரத்தைப் பார்க்கிறேன். நீங்கள் ஆறுதல் வேண்டாம் என்று சொன்னதால் அப்படியே எழுதுகிறேன்.

எங்களுக்கு வரும் எக்செல் ஷீட்டில் பிறந்த தேதி என்று ஒரு நெடுவரிசை இருக்காது. எடுத்துவிடுவார்கள். கிரேடு, மொத்த அனுபவம், சி.டி.சி. (ஒருவருக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் சம்பளச் செலவு), பில்லபிள் பர்சன்டேஜ், கடைசி இரண்டு ரேட்டிங், ஸ்கில் கோடு, இவ்வளவுதான். மேலிருந்து வரும் உத்தரவு ஆள் எண்ணிக்கையாக வராது, தொகையாக வரும். இந்த அக்கவுன்டில் வருடத்துக்கு இவ்வளவு கோடி குறைய வேண்டும் என்பார்கள். நான் செய்யும் முதல் வேலை சி.டி.சி. நெடுவரிசையை அதிகத்திலிருந்து குறைவாக அடுக்குவது. அடுக்கிய நொடியில் வயதும் தானாக அடுக்கப்பட்டுவிடும். 16 பேரை எடுத்தால் வரும் தொகைக்கு, கீழிருந்து எடுத்தால் 70 பேரை எடுக்க வேண்டும். எழுபது பேரை அனுப்பினால் பேப்பரில் வரும், பதினாறு வராது.

இன்னொரு கணக்கு. எங்கள் ஒரு அக்கவுன்டில் டெஸ்ட் லீட் ரோலுக்கு கிளையன்ட் கொடுத்த ரேட் மணிக்கு 22 டாலர். மாதம் 160 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய். அந்த இருக்கையில் 9 வருட அனுபவக்காரர் உட்கார்ந்தாலும் 19 வருட அனுபவக்காரர் உட்கார்ந்தாலும் ரேட் அதேதான். முதலாமவருக்கு மாதம் ஒரு லட்சம் செலவு, இரண்டாமவருக்கு இரண்டரை லட்சம். உங்களுக்கு வருடா வருடம் சம்பள ஹைக் போட்டார்கள், கிளையன்ட் ரேட்டை ஏற்றவில்லை. பத்து பன்னிரண்டு வருடத்தில் செலவும் ரேட்டும் கிட்டே வந்துவிடுகின்றன. இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பிரமிட். கீழே பிள்ளைகள் நிறைய, மேலே ஆள் கொஞ்சம் என்று இருக்க வேண்டும். நடு பெருத்துவிட்டால் ‘பிரமிட் கரெக்‌ஷன்’ என்று மெயில் வரும். அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்தாலே யார் யார் போகப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

வெளியே தெரிந்த விஷயங்களையே பாருங்கள். 2017-இல் காக்னிசன்ட் விருப்ப விலகல் திட்டம் கொண்டுவந்தபோது அது டைரக்டரும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு. ஆறிலிருந்து ஒன்பது மாதச் சம்பளம் கொடுத்தார்கள், சுமார் 400 பேர் எடுத்துக்கொண்டார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதம், பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்பில் இருப்பவர்கள் என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள். வயது என்ற சொல்லை யாரும் சொல்லத் தேவையில்லை அக்கா. கிரேடு என்று சொன்னாலே போதும்.

ஸ்கில் கோடும் அப்படித்தான். ‘ஃபியூச்சர் ஸ்கில்’ இல்லாதவர் என்று ஒரு மார்க் போடுவார்கள். அந்தப் பயிற்சிக்கு யாரை அனுப்பினோம் என்று திரும்பிப் பார்த்தால், ஐந்து வருடத்துக்கு உட்பட்டவர்களைத்தான் அனுப்பியிருப்போம். சீனியர்களுக்கு டெலிவரி இருக்கிறது, விட முடியாது என்று மேனேஜர்கள் எழுதியிருப்பார்கள். விட முடியாதவர் என்று எழுதப்பட்டவரையே பிறகு கற்றுக்கொள்ளாதவர் என்று எடுத்தோம். இதை நான் என் கையால் செய்திருக்கிறேன். ஒரு பட்டியலில் எனக்கு முதல் வேலை கற்றுக்கொடுத்தவர் பெயர் இருந்தது, 51 வயது. அந்த வரியை ஷீட்டில் மஞ்சளாக்கிய அன்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த மூன்றாவது மாதம் நான் பேப்பர் போட்டேன், ராஜினாமாதான்.

அம்மாவின் இன்ஷூரன்ஸுக்கு ஒன்று சொல்கிறேன், தள்ளிப்போடாதீர்கள். கம்பெனி குரூப் பாலிசியிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம். சர்க்கரைக்கான காத்திருப்புக் காலத்தில் நீங்கள் ஏற்கெனவே கழித்தது வரவாகும். 74 வயதுக்கு எடுப்பதா இல்லையா என்பது அவர்கள் முடிவு, ஆனால் பாலிசி உயிரோடு இருக்கும்போது கேட்டால்தான் பேச்சே. கடைசி வேலை நாளுக்கு முன்பே மெயில் போட்டுவிடுங்கள்.


வழக்குமேசை
சனி, மதியம் 1.30

மேடம், பதினெட்டு வருடமாகச் சென்னையில் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். முதலில் ஒன்று. போர்ட்டலில் ரெசிக்னேஷன் பட்டனை அழுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வயதுக்காக வேலையை விட்டு எடுத்தார்கள் என்று தனியார் கம்பெனி மேல் வழக்குப் போட நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. அரசியலமைப்பின் 15, 16-ஆம் பிரிவுகள் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று வரிசையாகச் சொல்லும், வயது அந்த வரிசையில் இல்லை. 16-ஆம் பிரிவு அரசு வேலைக்குத்தான். ஆகவே ‘எனக்கு 46 வயது என்பதால் எடுத்தீர்களா’ என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை. இதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

ஆனால் வேறு ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குச் சட்டத்தில் எழுபது வருடத்துக்கு மேல் இடம் உண்டு. 1947 தொழில் தகராறு சட்டத்தில் ஒரு விதி: ஒரே வகைப் பணியில் இருப்பவர்களில் ஆட்குறைப்பு செய்வதானால், சாதாரணமாகக் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் எடுக்க வேண்டும். மாற்றி எடுத்தால் அதற்குக் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். 2025 நவம்பர் 21-இலிருந்து அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதிலும் இந்த விதி அப்படியே இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் அதே வேலைக்கு மறுபடி ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவருக்குத்தான் முன்னுரிமை என்பதும் இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் 14 வருடம் வேலை செய்தவருக்குப் பாதுகாப்பு அதிகம், போன வருடம் வந்தவருக்குக் குறைவு. ஓ.எம்.ஆரில் நடப்பது இதற்கு நேர் எதிர். அது எப்படிச் சாத்தியமாகிறது என்றால், எல்லோரும் தாங்களாகவே ராஜினாமா செய்ததாகக் காகிதம் இருப்பதால். ராஜினாமா செய்தவருக்கு ஆட்குறைப்பு விதி எதுவும் பொருந்தாது. உங்களிடம் அந்தப் பட்டனை அழுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

பணத்தையும் பாருங்கள். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம், ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதுவும் ஒரு வருடமாகச் சேரும். புதிய தொகுப்பில் மறுதிறன் நிதி (புது வேலை கற்றுக்கொள்ள) என்று இன்னொரு 15 நாள் ஊதியம். உங்கள் 14 வருடம் 8 மாதத்துக்குப் பதினைந்து அரை மாதங்கள், அதாவது ஏழரை மாத ஊதியம். அவர்கள் தருவதாகச் சொன்னது மூன்று மாத பேசிக். கிராஜுவிட்டி (பணிக்கொடை) இவை இரண்டுக்கும் வெளியே, அது எந்த நிலையிலும் உங்கள் பணம். அதைச் சலுகை மாதிரி யாராவது சேர்த்துப் பேசினால் ஏமாறாதீர்கள்.

தடை எங்கே வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாதுகாப்பெல்லாம் ‘தொழிலாளி’ என்ற விளக்கத்துக்குள் வருபவருக்கு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் வர மாட்டார், மாதம் 18,000-க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் வர மாட்டார். ஆனால் தொழில்நுட்ப வேலை செய்பவருக்குச் சம்பள உச்சவரம்பு கிடையாது. அப்புறம், விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று இருந்தால் மேனேஜர் ஆகிவிட முடியாது. செய்த வேலை என்ன என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். நீங்கள் யாருக்காவது லீவ் சாங்ஷன் செய்தீர்களா? யாரையாவது வேலைக்கு எடுத்தீர்களா, நீக்கினீர்களா, அப்ரைசல் மார்க் நீங்களா முடிவு செய்தீர்கள்? இதற்கு யோசித்து பதில் எழுதுங்கள், வழக்கே அதில்தான் நிற்கும்.

அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். அந்த விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் இவற்றுக்குத்தான். ஐ.டி. அலுவலகத்துக்கு வராது. ஆனால் ஐ.டி. ஊழியருக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், சங்கம் அமைக்கலாம் என்று 2016-இலேயே தமிழக அரசு தெளிவுபடுத்திவிட்டது. அதற்கு முன்பே, 2015 ஜனவரியில் ஒரு பெரிய ஐ.டி. நிறுவனம் ஒரு கர்ப்பிணி ஊழியரை நீக்கியபோது சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது, நிறுவனம் அந்த நீக்கத்தைத் திரும்பப் பெற்றது. அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தடைக்கே இடம் இருந்திருக்காது.


எடிசன்_தமிழன்
சனி, இரவு 9.45

தங்கை, நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 61. உங்கள் நாட்டுச் சட்டம் பற்றி வக்கீல் சார் சொன்னதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை. வயதைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கும் நாட்டில் என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்லலாம் என்று நினைத்தேன்.

இங்கே 1967-இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 40 வயது முடிந்தவரை வயதுக்காக நீக்கக் கூடாது. 1990-இல் அதற்கு ஒரு திருத்தம் வந்தது. கும்பலாக ஆட்குறைப்பு செய்து, கூடுதல் பணம் கொடுத்து, இனி வழக்குப் போட மாட்டேன் என்று 40 வயது தாண்டியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமென்றால், யோசிக்க 45 நாள் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு மாற 7 நாள். உங்களுக்கு வியாழன் காலையிலிருந்து திங்கள் மாலை வரை கொடுத்திருக்கிறார்கள் என்று படித்ததும் எனக்கு அதுதான் மனதில் வந்தது.

இன்னொன்றும் கொடுக்க வேண்டும். அந்தப் பிரிவில் யார் யார் நீக்கத்துக்குத் தேர்வானார்கள், யார் ஆகவில்லை என்று பதவியும் வயதும் போட்ட அட்டவணை. பெயர் இருக்காது. 2019 அக்டோபரில் எனக்கு வந்த உறையில் அது ஆறு பக்கம். நான் வேலை பார்த்தது ஒரு தொலைத்தொடர்பு கம்பெனி, 19 வருடம். அடுப்படி மேசையில் உட்கார்ந்து பென்சிலால் எண்ணினேன். ‘சீனியர் என்ஜினியர், வயது 55, தேர்வானவர் 1, தேர்வாகாதவர் 0’ என்று ஒரு வரி இருந்தது. அது நான். மொத்தம் 41 பேர், அதில் 29 பேர் ஐம்பது தாண்டியவர்கள். நீங்கள் பெயர் பெயராக எழுதிப் பார்த்தேன் என்று சொன்னீர்களே, அதையே நானும் செய்தேன், எனக்குத் தாளாகவே கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வழக்கறிஞரிடம் போனேன். இந்த எண்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் 2009-இல் இங்கே உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, வயது ஒரு காரணம் என்று காட்டினால் போதாது, வயது இல்லாவிட்டால் நீக்கியே இருக்க மாட்டார்கள் என்று காட்ட வேண்டும் என்றார். நொய்யல்கரைத் தம்பி சொன்ன அந்தச் சம்பள நெடுவரிசை இங்கேயும் கம்பெனிகளுக்கு உதவும். சம்பளம் அதிகம் என்று எடுத்தோம், வயது என்று எடுக்கவில்லை என்பார்கள். ஐ.பி.எம். விஷயத்தில் 2020-இல் இங்குள்ள சமவேலைவாய்ப்பு ஆணையம், 2013 முதல் 2018 வரை வயதானவர்களைக் குறைக்க மேலிடத்திலிருந்தே அழுத்தம் வந்திருக்கிறது என்று நம்பக் காரணம் இருப்பதாகச் சொன்னது. நீக்கத்துக்குப் பரிசீலிக்கப்பட்டவர்களில் 85 சதவீதத்துக்கு மேல் வயதில் மூத்தவர்கள். நிறுவனம் மறுத்தது. அவ்வளவு பெரிய விசாரணைக்கே அத்தனை வருடம் ஆயிற்று. நான் 43-ஆம் நாள் கையெழுத்துப் போட்டேன், 26 வாரச் சம்பளம் வாங்கினேன். பையன் அப்போது காலேஜ் இரண்டாம் வருடம்.

ஆனால் அந்த ஆறு பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். என் வேலையில் குறை இருந்ததால் போனேன் என்று நான் ஒரு நாளும் நினைக்காமல் இருந்ததற்கு அந்தத் தாள் காரணம். நீங்கள் எழுதிய 16 பெயரையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள்.


பேட்ச்2023
ஞாயிறு, காலை 10.10

அக்கா, எனக்கு 24. உங்கள் பட்டியலில் வராத அந்த இரண்டு பேர் மாதிரி ஒருவன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன், சின்ன வயதென்றால் தப்பித்துவிடலாம் என்பது முழு உண்மை இல்லை. 2023-இல் கையில் ஆஃபர் லெட்டர், சேர்த்துக்கொண்டது 14 மாதம் கழித்து. எழுபது நாள் பெஞ்ச்சில் வைத்தார்கள், ஓர் உள் தேர்வு வைத்தார்கள், என் பேட்ச்சில் ஒன்பது பேரை அன்றைக்கே பேப்பர் போடச் சொன்னார்கள். அவர்கள் கணக்கு எந்தச் செய்தியிலும் வராது.

ஆனால் ஒன்று. எங்கள் டீமில் 49 வயது சார் ஒருவர் இருந்தார். அந்த பேங்க் புராஜெக்ட்டில் மாதக் கடைசி வட்டிக் கணக்கு ஏன் அப்படி ஓடுகிறது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நவம்பரில் அனுப்பிவிட்டார்கள். டிசம்பர் 31 இரவு அது நின்றது. நானும் இன்னொரு பையனும் விடியும்வரை போராடினோம், கடைசியில் அவருக்குத்தான் போன் செய்தேன். ‘என்னிடம் ஆக்சஸ் இல்லைப்பா, நீ ஸ்கிரீனைப் படி, நான் சொல்கிறேன்’ என்று அரை மணி நேரம் சொன்னார். அவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்றே தெரியவில்லை.


மேடவாக்கம்_வாசகி
ஞாயிறு, இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. பேட்ச்2023 தம்பி, கோபம் எதுவும் இல்லை. அந்த சாருக்கு மறுபடி ஒரு போன் செய்யுங்கள், வேலை விஷயமாக இல்லாமல் சும்மா. வீட்டில் இருக்கும்போது போன் வருவதில்லை என்பதுதான் பெரிய கஷ்டம், நான்கு நாளில் எனக்கே தெரிகிறது.

வழக்குமேசை சார், நீங்கள் கேட்டதற்கு யோசித்து எழுதுகிறேன். 2022 வரை எனக்குக் கீழே எட்டுப் பேர் இருந்தார்கள். அப்போதும் லீவ் சாங்ஷன் டெலிவரி மேனேஜரிடம்தான் போகும். அப்ரைசலில் நான் கமென்ட் எழுதுவேன், மார்க் அவர் போடுவார். ஆள் எடுக்கும் இன்டர்வியூவில் டெக்னிக்கல் ரவுண்டு மட்டும். 2022-க்குப் பிறகு டீமே இல்லை, மூன்று வருடமாக நானே ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டுகிறேன். டைம்ஷீட்டை எடுத்துப் பார்த்தேன், பெரும்பகுதி மணிநேரம் ‘டெஸ்ட் எக்ஸிக்யூஷன்’ என்றுதான் இருக்கிறது. அதையெல்லாம் வருட வாரியாக எழுதி வைத்துவிட்டேன்.

சேர்ந்த தேதியும் எழுதினேன். எங்கள் பிரிவில் என் கிரேடிலும் இதே வேலையிலும் இருக்கும் ஏழு பேரில் மூன்று பேர் 2019-க்குப் பிறகு வந்தவர்கள். அவர்கள் யாரும் 16-இல் இல்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, மூவரும் நல்லவர்கள், அவர்களுக்கும் ஈ.எம்.ஐ. இருக்கிறது. இது அவர்களுக்கு எதிராகப் போய்விடுமோ?


வழக்குமேசை
ஞாயிறு, இரவு 10.05

மேடம், கேள்வி கேட்பது கம்பெனியை. அவர்கள் காரணத்தைப் பதிவு செய்திருந்தால் காட்டட்டும். நீங்கள் யாருடைய பெயரையும் மெயிலில் எழுத வேண்டாம், பணிமூப்புப் பட்டியலைக் கேளுங்கள், போதும். கம்பெனி மெயிலிலிருந்து அனுப்பி, உங்கள் சொந்த ஐ.டி.க்கும் ஒரு காப்பி போடுங்கள். கம்பெனியின் ரகசிய ஃபைல் எதையும் வெளியே அனுப்பாதீர்கள், அதையே காரணமாக்கி நீக்கிவிடுவார்கள். கிராஜுவிட்டிக்குக் கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்குங்கள். உங்களுக்கு 15 வருடம். ஊதியம் என்பதற்குப் புதிய விளக்கம் வந்திருக்கிறது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தில் சேரும். அவர்கள் எந்தத் தொகையை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே ராஜினாமா போட்டுவிட்ட நண்பர்கள் இருந்தால், கடைசி வேலை நாள் இன்னும் வராத நிலையில், உடனே திரும்பப் பெறுவதாக மெயில் போடச் சொல்லுங்கள். கட்டாயத்தில் போட்டது என்ற காரணத்தையும் அதில் எழுத வேண்டும்.


மேடவாக்கம்_வாசகி
18 நாள் கழித்து, வியாழன்

என்ன ஆயிற்று என்று தனிச் செய்தியில் பலர் கேட்டீர்கள். அந்தத் திங்கள்கிழமை 5 மணிக்கு நான் பட்டனை அழுத்தவில்லை. 4.10-க்கு ஒரு மெயில் போட்டேன். அதன் வாசகத்தைக் கேட்டவர்களுக்காக இங்கேயே தருகிறேன்:

‘வியாழக்கிழமை நடந்த சந்திப்பில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை, தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். என் பணி தேவையில்லை என்றால் அதை எழுத்தில் காரணத்தோடு தெரிவிக்கவும். என் வகைப் பணியில் உள்ளவர்களின் பணிமூப்புப் பட்டியலையும், எனக்குச் சேர வேண்டிய தொகையின் கணக்கையும் தரவும்.’

ஆங்கிலத்தில்தான் அனுப்பினேன், பொருள் இதுதான். 4.50-க்கு அந்த எச்.ஆர். பெண் போன் செய்தாள். ‘மேம், மெயிலைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், நான் ஐந்து மாதம் வாங்கித் தருகிறேன்’ என்றாள். எழுத்தில் அனுப்பும்மா என்றேன். மறுநாள் லேப்டாப் லாகின் வேலை செய்யவில்லை. ஆனால் சம்பளம் வந்துவிட்டது, டெர்மினேஷன் லெட்டர் வரவில்லை.

முதல் நான்கு நாள் 16 பேரில் பதினொரு பேர் ராஜினாமா போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டு மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினோம். ஒன்பது பேர் வந்தார்கள், அதில் முப்பதுகளில் இருக்கும் ஒருவரும் உண்டு. ஐம்பது வயதுக்காரர் ஒருவர், இருபது வருடமாக நான் பார்த்திராத மாதிரி அழுதார். அவர் மனைவிக்கு இன்னமும் தெரியாது, தினமும் காலையில் கிளம்பி கோட்டூர்புரம் நூலகத்தில் போய் உட்கார்கிறார். கடைசி வேலை நாள் வராத ஐந்து பேர் ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாக மெயில் போட்டார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், ஒருவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. அதுவும் அவரவர் முடிவு.

மகளிடம் சொல்லிவிட்டேன். ‘அதான் தினமும் பஸ்ஸில் போகாமல் என்னை ஸ்கூலில் விட வருகிறாயா’ என்றாள். அம்மாவின் பாலிசி மாற்றத்துக்கு இன்ஷூரன்ஸ்காரர்கள் மெடிக்கல் டெஸ்ட் கேட்டார்கள், போன சனிக்கிழமை எடுத்தாயிற்று, முடிவுக்குக் காத்திருக்கிறோம்.

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய் வழக்குமேசை சார் சொன்னபடி மனு கொடுத்தோம். வயது என்ற சொல் எங்கள் மனுவில் ஓர் இடத்திலும் இல்லை, சேர்ந்த தேதி எட்டு இடத்தில் இருக்கிறது. முதல் சமரசப் பேச்சு வருகிற 19-ஆம் தேதி காலை 11 மணிக்கு. எட்டுப் பேர் போகிறோம்.